கெல்லி ஹால்கம்ப் கோட்டை விட்டாராம்!

நாய்க்கூடு99:
1999ல் அமெரிக்கக் கால்பந்து லீகுக்கு (என்.எஃப்.எல்) திரும்பி வந்த க்ளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் "மறந்துபோன பேக்கப் குவார்ட்டர்பேக்குகள்" (பந்தை எறியும் முதன்மை ஆட்டக்காரருக்கு மாற்றாக இருப்பவர்கள்) என்று கணக்குப்பிள்ளை ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். டை டெட்மர், டக் பெடர்சன், ஸ்பர்கன் வின், கென் டார்சி, தாட் லூயிஸ், கானர் ஷா, எல்லாம் சரி. கெல்லி ஹால்கம்ப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் "429 யார்டு எறிந்தும் கோட்டை விட்டவர்" என்று ஒரு குறிப்பு. யார் கோட்டை விட்டது ஐயா? 2003 ஜனவரி 5, பிட்ஸ்பர்க் ஊரில் ஸ்டீலர்ஸ் அணியோடு ப்ளே ஆஃப் (தோற்றால் வெளியேறும் ஆட்டம்). நாங்கள் 33-28 முன்னிலை. மூன்று நிமிடம்கூட மிச்சமில்லை. தேர்ட் டவுன், அதாவது நான்கு முயற்சியில் மூன்றாவது, 12 யார்டு வேண்டும். ஹால்கம்ப் எறிந்த பந்து எங்கள் டென்னிஸ் நார்த்கட் கையில் பட்டுக் கீழே விழுந்தது. பிடித்திருந்தால் ஃபர்ஸ்ட் டவுன் (மறுபடி நான்கு முயற்சி), கடிகாரமும் ஓடியிருக்கும். விழுந்ததால் கடிகாரம் நின்றது, பன்ட் அடித்து (பந்தை எதிரணிக்கு உதைத்து) விட வேண்டியதாயிற்று, 54 விநாடி இருக்கும்போது அவர்களின் ஃபுவாமட்டு-மஆஃபலா பந்தோடு கோட்டுக்குள் புகுந்தார். கூடுதல் இரண்டு பாயின்ட்டும் சேர்த்து ஸ்டீலர்ஸ் 36-33.

கணக்குப்பிள்ளை:
இதே நார்த்கட் கதையைப் போன தடவையும் சொன்னீர்கள். அந்த நார்த்கட் அதே ஆட்டத்தில் இரண்டு டச் டவுன் (தலா ஆறு பாயின்ட்) பிடித்தவர், அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவீர்கள். உண்மையான இடம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஆண்ட்ரே டேவிஸ் டச் டவுனில் 33-21 ஆனதும் உதைத்தால் கிடைக்கும் ஒரு பாயின்ட்டை விட்டு, கூடுதல் இரண்டு பாயின்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். அந்த இரண்டும் விழுந்திருந்தால் 35. ஸ்டீலர்ஸ் கடைசி டச் டவுனில் சமன்தான் செய்திருக்க முடியும்.

நாய்க்கூடு99:
சமன் ஆகியிருக்குமாம்! பந்தைப் பிடித்திருந்தால் அந்தக் கடைசி டச் டவுனே இல்லையே. தேர்ட் அண்ட் 12. கையில் பட்டது. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மஞ்சத்துண்டு:
வணக்கம் க்ளீவ்லண்ட் நண்பர்களே, இன்னும் அழுது முடிக்கவில்லையா? எங்கள் பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் டாமி மேடக்ஸும் பேக்கப்பாக வந்தவர்தான். இன்ஷூரன்ஸ் விற்றார், எக்ஸ்.எஃப்.எல் என்ற வேறொரு லீகில் ஆடினார், 2002ல் கோர்டெல் ஸ்டூவர்ட் இடத்தைப் பிடித்தார். அன்றைக்கு அவர் 367 யார்டு. பேக்கப்புக்குப் பேக்கப், நாங்கள் ஜெயித்தோம்.

நாய்க்கூடு99:
கடைசிக் கால்பகுதியில் 22 பாயின்ட் விட்டது எங்கள் டிஃபென்ஸ். அதுவும் ஹால்கம்ப் கணக்கிலா? நீங்கள் ஹடில் (கூடி நின்று பேசுவது) இல்லாமல் ஓடி ஓடி ஆட, எங்கள் ஆட்கள் பின்னால் போய் நின்றுகொண்டு நடுவில் காலி இடத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள்.
அந்த சீசன் தொடக்கத்தையும் பாருங்கள். கான்சஸ் சிட்டியோடு 39-37 என்று ஜெயித்துவிட்டதாக நினைத்த ஆட்டம். எங்கள் ட்வெய்ன் ரட், அவர்கள் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனை வீழ்த்திவிட்டதாக நினைத்து ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். பந்து அதற்குள் அவர்களின் ஜான் டெய்ட் கைக்குப் போய், அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் எறிந்தது பெனால்ட்டி; டிஃபென்ஸ் பெனால்ட்டியில் ஆட்டம் முடியக் கூடாது என்பது விதி. கடிகாரத்தில் பூஜ்யம், ஆனாலும் அவர்களின் மோர்ட்டன் ஆண்டர்சன் 30 யார்டு ஃபீல்டு கோல் (மூன்று பாயின்ட் உதை) அடித்தார். கான்சஸ் சிட்டி 40-39. ஹெல்மெட்டையும் ஹால்கம்ப்தான் கழற்றினாரோ?
2004ல் சின்சினாட்டியிடம் 58-48 தோல்வி. ஹால்கம்ப் எறிந்தது ஐந்து டச் டவுன், 413 யார்டு. இந்த மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அணி எடுத்தது 120 பாயின்ட், கொடுத்தது 134.

கணக்குப்பிள்ளை:
அந்த 58ல் சின்சினாட்டியின் டெல்தா ஓநீல் இடைமறித்துப் பிடித்த பந்தைத் (இன்டர்செப்ஷன்) திருப்பிக்கொண்டு போய்ப் போட்ட டச் டவுனும் சேர்த்தி. அதை எறிந்தது யார்? அதையும் நார்த்கட் தலையில் கட்டுங்கள்.

நாய்க்கூடு99:
48 எடுத்த ஆளிடம் குறை கண்டுபிடிக்கிறார் பாருங்கள். ஜெயிப்பதுதான் அளவுகோல் என்றால் 2009ல் பஃபலோவில் எங்கள் டெரிக் ஆண்டர்சன் எறிந்த 17ல் 2தான் பிடிபட்டது, மொத்தம் 23 யார்டு, ஆனால் 6-3 வெற்றி. பஃபலோவின் ராஸ்கோ பேரிஷ் பன்ட்டைக் கைநழுவ விட்டார், எங்கள் பில்லி கண்டிஃப் ஃபீல்டு கோல் அடித்தார், அவ்வளவுதான். ஆண்டர்சனுக்குச் சிலை வைப்போமா?

வின்ரசிகன்:
எல்லோரும் ஹால்கம்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஸ்பர்கன் வின்னைப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் 183ஆவதாக எடுத்தது 2000ல். 199ஆவதாக வேறு அணிக்குப் போனவர் பிற்பாடு ஜாம்பவானான டாம் பிரேடி. மறந்தவர் என்றால் இவர்தானே?

மஞ்சத்துண்டு:
அதைத்தான் மறக்கவே விடமாட்டோம் ;)

கணக்குப்பிள்ளை:
வின் பிரவுன்ஸுக்கு ஒரே ஒரு ஸ்டார்ட் (தொடக்கத்திலிருந்தே இறங்கியது). ஜாக்சன்வில்லில் 48-0 தோல்வி, மொத்த அணிக்கும் சேர்த்து 53 யார்டு. முதன்மை குவார்ட்டர்பேக் டிம் கவுச் பயிற்சியில் கட்டைவிரலை உடைத்துக்கொண்டதால் வந்த வினை. பெடர்சனுக்கு எட்டு ஸ்டார்ட், ஒரு வெற்றி. பிற்பாடு ஈகிள்ஸ் கோச்சாக நிக் ஃபோல்ஸ் என்ற பேக்கப்பை வைத்தே சூப்பர் பவுல் (இறுதி ஆட்டம்) ஜெயித்தார். பேக்கப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இங்கே சிலருக்குத்தான் தெரியவில்லை.

நாய்க்கூடு99:
பேச்சை மாற்றாதீர்கள். கவுச் கால் உடைந்த அடுத்த ஆட்டத்திலேயே, வெளியூரில், ப்ளே ஆஃபில் இறங்கி, கெவின் ஜான்சனுக்கு 83 யார்டு போட்டவர் ஹால்கம்ப். 24-7 வரை கொண்டு போனார். அதற்கப்புறம் 2020 சீசன் வரைக்கும் இந்த அணிக்கு ப்ளே ஆஃப் வாசனையே இல்லை. மறுபடியும் கேட்கிறேன்: தேர்ட் அண்ட் 12, பந்து கையில் பட்டதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
பட்டது. இரண்டு பாயின்ட் விழுந்ததா இல்லையா?

நாய்க்கூடு99:
கேட்டதற்குப் பதில் கேள்வி. நல்லது. குறிப்பை எடுப்பீர்களா மாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
எடுக்க மாட்டேன். பட்டியல் அப்படியே இருக்கும். அடுத்து பிராண்டன் வீடனைச் சேர்க்கப் போகிறேன்.

வின்ரசிகன்:
வீடன் பேக்கப்பா? 2012ல் முதல் சுற்றில் எடுத்து 15 ஆட்டம் ஸ்டார்ட் கொடுத்த ஆளய்யா அவர்!