ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தது தவறா?

வடசென்னைவாசி:
2025 ஆகஸ்ட் 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை எதிரே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததற்கு எதிர்ப்பு. பணி நிரந்தரம் வேண்டும் என்ற கோரிக்கை. சம்பளம் குறைந்துவிடுமோ என்ற பயம். 13ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவர்களை அகற்றச் சொன்னது. அன்று நள்ளிரவே போலீஸ் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய்விட்டது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கு அரசியல் சட்டம் தந்த உரிமைக்கு என்ன அர்த்தம்?

சட்டப்படி:
போராடவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அனுமதி இல்லாத இடத்திலிருந்து அகற்றத்தான் சொன்னது. அந்த உரிமையைத் தரும் 19ஆவது பிரிவிலேயே நியாயமான கட்டுப்பாடுகளுக்கும் இடம் இருக்கிறது. டெல்லி ஷாகீன் பாக் சாலைமறியல் வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துப் போராட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வடசென்னைவாசி:
சரி, அனுமதி யார் கையில்? சென்னையில் போலீஸ் கையில், அதுவும் 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி. கூட்டம் சேர்வதைக் கண்டு வெள்ளைக்காரன் பயந்த காலத்துச் சட்டம் அது. வள்ளுவர் கோட்டத்துக்குப் போ, ராஜரத்தினம் ஸ்டேடியத்துக்குப் போ என்பார்கள். மேயரும் மாநகராட்சி கமிஷனரும் இருப்பது ரிப்பன் மாளிகையில். கேட்கவேண்டியவர் காதில் விழாத இடத்தில் கத்தி என்ன பயன்? 2017இல் இளைஞர்கள் மெரினாவில் திரண்டதால்தான் ஒரே வாரத்துக்குள் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்தது. அதன்பிறகு மெரினாவில் போராடவே விடுவதில்லை.

சென்ட்ரல் பயணி:
எனக்கு அந்த வழியாகத்தான் வேலை. சென்ட்ரல், பெரியாஸ்பத்திரி எல்லாம் பக்கத்திலேயே. நடைபாதை அடைபட்டால் வயதானவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இறங்கி நடக்கவேண்டும். அவர்கள் கோரிக்கை நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இந்தச் சிரமத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்காதீர்கள்.

வடசென்னைவாசி:
ஒதுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடவேண்டும், நடக்க இடம் விடவேண்டும். அதைக் கேட்க ஒரு தடுப்புக் கயிறும் நாலு போலீஸும் போதுமே. நள்ளிரவில் பெண்களை வண்டியில் ஏற்றுவது எதற்கு?

சட்டப்படி:
நள்ளிரவு நடவடிக்கையை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் இன்று இவர்களுக்கு வாசலில் இடம் கொடுத்தால், நாளை நமக்குப் பிடிக்காத கும்பல் ஒன்று அதே வாசலில் பந்தல் போடும். அப்போது என்ன சொல்வீர்கள்?

வடசென்னைவாசி:
அவர்களும் உட்காரட்டும். அமைதியாக இருக்கும்வரை எழுப்பக்கூடாது. டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்கு விதித்த முழுத் தடையை 2018இல் நீக்கியதும் இதே உச்ச நீதிமன்றம்தான். அங்கே யார் வந்து உட்காருவார்கள் என்று பார்த்து நீக்கவில்லை.

சட்டப்படி:
அங்கேயும் கட்டுப்பாடுகளோடு, போலீஸ் அனுமதி வாங்கித்தான். என் நிலை இதுதான்: அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், உடனே நீதிமன்றம் போக அவகாசமும் தரவேண்டும். இடத்தை மட்டும் போராடுபவரே முடிவு செய்யக்கூடாது.

வடசென்னைவாசி:
முதல் பாதிக்குச் சம்மதம். இடத்தில் விட்டுத்தரமாட்டேன்.