லெப்டினென்ட் ஜெனரல் பெரியவரா, மேஜர் ஜெனரல் பெரியவரா? கல்யாணப் பத்திரிகைக்கு அவசரமாக வேண்டும்

அல்சூர் அச்சகம் கேட்கிறார்:

பெங்களூரு அல்சூரில் இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப் பத்திரிகை அச்சடிக்கிறேன். இனிஷியலுக்காகச் சண்டை வந்திருக்கிறது, யார் பெயர் முதலில் என்று பங்காளிகள் என் கடை வாசலிலேயே மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ராணுவத்தால் சண்டை வருவது இதுவே முதல் முறை.

பெண்ணின் தாத்தா ஓய்வுபெற்ற லெப்டினென்ட் ஜெனரல். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். எல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். புதுச்சேரியில் லெப்டினென்ட் கவர்னரைத் துணைநிலை ஆளுநர் என்கிறார்களே என்று தாத்தாவுக்குத் "துணைநிலைத் தளபதி" என்று போட்டேன். மேஜர் என்றால் பெரியது, ஆகவே பெரியப்பாவுக்குப் "பெருந்தளபதி". புரூஃப் போன அரை மணி நேரத்தில் பெண்ணின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். "எங்கள் அப்பாவைச் சம்பந்தி வீட்டுக்கு எடுபிடி ஆக்கிவிட்டீர்களே!"

தாத்தாதான் பெரிய பதவியாம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. லெப்டினென்ட், மேஜருக்குக் கீழே என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் ஜெனரல் ஒட்டிக்கொண்டதும் அது எப்படித் தலைகீழாகும்? தமிழில் என்ன போடுவது? "ஓய்வு" என்பது பெயருக்கு முன்னாலா, பின்னாலா? எண்ணூறு பத்திரிகை. வியாழக்கிழமை அச்சேற வேண்டும்.

பழைய சாப்பர் எழுதுகிறார்:

தம்பி, அந்த அம்மா சொன்னதுதான் சரி. உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில், அதாவது சாப்பர் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, சுபேதார் மேஜர் வரை வந்தவன் நான். (தம்பி என்று உரிமையோடு அழைப்பதற்கு மன்னிக்கவும். எங்கள் படையில் சிப்பாய்க்கே அதுதான் பெயர். பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரியும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.)

காரைப் பார்த்தால் போதும். பிரிகேடியர் காரில் ஒரு நட்சத்திரம், மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினென்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு. ஒரு டிவிஷன் மேஜர் ஜெனரலின் கையில் இருக்கும். அப்படிப்பட்ட டிவிஷன்கள் சில சேர்ந்த கோர், லெப்டினென்ட் ஜெனரலின் கையில்.

தலைகீழானது எப்படி என்று கேட்டீர்கள். லெப்டினென்ட் என்பது பிரெஞ்சுச் சொல். இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று பொருள். ரயிலில் பெரியவருக்காகத் துண்டு போட்டு வைக்கிறோமே, அதே வேலைதான். யாருடைய இடத்துக்குத் துண்டு என்பதில்தான் இருக்கிறது விஷயம். வெறும் லெப்டினென்ட் போட்டது கேப்டனின் இடத்துக்கு. லெப்டினென்ட் ஜெனரல் போட்டது ஜெனரலின் இடத்துக்கே. மேஜர் ஜெனரலுக்கோ பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முழுப்பெயர் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல். படையை வரிசையில் நிறுத்துவது போன்ற வேலைகளைப் பார்த்து, ஜெனரல், லெப்டினென்ட் ஜெனரல் இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக நின்றவர். நாளடைவில் சார்ஜென்ட் உதிர்ந்துபோயிற்று. மிச்சமிருக்கிற மேஜரைப் பார்த்துத்தான் நீங்கள் ஏமாந்தீர்கள்.

ஓய்வு, பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஓய்வு பெறுகிறவர் மனிதர், அவர் தரம் இல்லை. "லெப்டினென்ட் ஜெனரல் இன்னார் (ஓய்வு)" என்று போடுங்கள். தரத்துக்கும் பெயருக்கும் நடுவே அந்த அடைப்புக்குறியை நுழைத்தால் பழைய ராணுவத்தான் எவனுக்கும் எரிச்சல் வரும்.

ஒரு பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும் நேரத்தில் எனக்கு ஆனரரி கேப்டன், அதாவது கௌரவத்துக்காகத் தரும் கேப்டன் தரம் கிடைத்தது. என் மகள் கல்யாணத்தில் அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்று ஆனரரியை வெட்டிவிட்டார். ஊரார் கேப்டன் என்று படித்து மகிழ்ந்தார்கள். எனக்குத்தான் பந்தியில் சோறு இறங்கவில்லை. இல்லாததைப் பூண்டுகொண்டதுபோல் இருந்தது.

தமிழ்வெறியன் எழுதுகிறார்:

சங்க காலச் சொல் இருக்கும்போது இந்தப் பிரெஞ்சுக் கதையெல்லாம் எதற்கு? இருவருக்கும் "ஏனாதி" என்று போடுங்கள். புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி இருக்கிறார்.

கன்டோன்மென்ட் தமிழாசிரியை எழுதுகிறார்:

ஏனாதி அழகான சொல், மறுக்கவில்லை. அரசன் படைத்தலைவனுக்குத் தரும் பட்டம் அது, கூடவே மோதிரமும் கொடுப்பான். ஆனால் இரண்டு பேரையும் ஏனாதி ஆக்கிவிட்டால் மூன்று நட்சத்திரத்தையும் இரண்டு நட்சத்திரத்தையும் எப்படிப் பிரிப்பீர்கள்? சோழர் கல்வெட்டில் வரும் சேனாபதி, ஹொய்சளர் காலத் தண்டநாயக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

"தளபதி"யே கூடாது என்பேன். தளபதி என்றால் பார்க்கிற வேலை. ஜெனரல் என்றால் தோளில் இருக்கிற தரம். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே சொல்லால் கட்டிவிடுகின்றன. நம் கொடகுக்காரர் கரியப்பாவைப் பாருங்கள். 1949 ஜனவரி 15 அன்று முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 1953இல் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஜெனரலுக்கும் மேலான ஃபீல்டு மார்ஷல் தரம் அவருக்கு வந்தது 1986இல். அப்போது அவர் கையில் படையும் இல்லை, பதவியும் இல்லை. மானெக்‌ஷாவுக்கு 1973 ஜனவரி தொடக்கத்தில் தரம் வந்தது, அந்த மாத நடுவிலேயே தளபதி வேலை முடிந்தது. தரம் மட்டும் 2008இல் வெலிங்டனில் இறக்கும்வரை கூடவே இருந்தது. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, ஆகவே அடைப்புக்குறியும் தேவையில்லை.

மார்ஷல் என்ற சொல்லுக்குப் பழைய ஜெர்மானிய மொழியில் பொருள் குதிரைக்காரன். அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா, சொல்லுங்கள். லெப்டினென்ட் ஜெனரல் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். ராணுவ மருத்துவர்களில்கூட லெப்டினென்ட் ஜெனரல் உண்டு. அவரைத் தளபதி என்றால் அவருக்கே சிரிப்பு வரும்.

அல்சூர் அச்சகம் எழுதுகிறார்:

டீச்சர், உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும். உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பெண் வீட்டுக்குப் போன் செய்தேன். தாத்தா ராணுவ மருத்துவராம்! வாழ்நாளெல்லாம் நாடி பிடித்துப் பார்த்த மனிதரைத் தளபதியாக்கி எண்ணூறு பிரதி அடிக்க இருந்தேன்.

இரண்டையும் தமிழ் எழுத்தில் போட்டாயிற்று, ஓய்வு பின்னால் போயிற்று. ஏனாதி சொன்ன நண்பருக்கு நன்றி. ஆனால் அதைப் போட்டால் பெண்ணின் அம்மா முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

சாப்பர் அண்ணா, உங்களால் இன்னொரு வேலை வந்தது. "அவ்வண்ணமே கோரும்" வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமா பெயருக்கு முன்னால் வெறும் லெப்டினென்ட் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சந்தேகப்பட்டு விசாரித்தேன். ஆனரரி லெப்டினென்ட்தான். சேர்த்ததும் வரி உடைந்து "(ஓய்வு)" மட்டும் தனியாகக் கீழே வந்து நின்றது. எழுத்தளவைப் பதினொன்றிலிருந்து பத்தாகக் குறைத்திருக்கிறேன். நாளைக் காலை இரண்டாவது புரூஃப்.