மறு: கிளியல் செல்: பசையா, தாங்கணுவா, சூழணுவா?

அனைவருக்கும் வணக்கம்.

மூளையில் நரம்பணுக்களோடு சேர்ந்து இருக்கும் வேறு வகை அணுக்கள்தான் கிளியல் செல்கள் (கிளியா, நியூரோகிளியா என்றும் சொல்வார்கள்). அவற்றை ஆராய்ந்த நரம்பியலாளர் பென் பாரெஸின் ஆய்வைப் பற்றிய கட்டுரைக்கு, அவற்றைக் குறிக்க ஒரு தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. நான்கு மடல் தாண்டுவதற்குள் செல்லா, கலமா, உயிரணுவா என்ற பழைய வழக்குக்குள் போய்விட்டது. அந்த வழக்கு இங்கே தீராது. சிவப்பணு, வெள்ளையணு எல்லாருக்கும் பழகியவை என்பதால் நான் 'அணு' என்றே எழுதுகிறேன். கலம் வேண்டுவோர் வால்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாம் பேச வேண்டியது தலைப்பகுதியை.

> கிளியா என்றால் கிரேக்க மூலத்தில் பசை என்றுதானே பொருள்? நரம்புப்பசை அணு என்றால் முடிந்தது.

முடியவில்லை, ஐயா. 1856இல் ருடால்ஃப் ஃபிர்கோ 'நியூரோகிளியா' என்று பெயர் வைத்தபோது, நரம்பணுக்களுக்கு இடையே அவற்றை ஒட்டவைத்துக்கொண்டு ஏதோ ஒரு இணைப்புத் திசு கிடக்கிறது என்பதுதான் அவர் எண்ணம். அதற்குள் பல வகை அணுக்கள் இருப்பதைச் சாயமேற்றிப் பிரித்துக் காட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. அவற்றில் ஒன்றான மைக்ரோகிளியாவைத் தனி வகையாக ஸ்பெயின் ஆய்வாளர் ரியோ ஓர்தேகா காட்டியது 1919இல்தான். ஆக, பெயர் முந்திக்கொண்டது, அறிவு பின்னால் வந்தது. இன்று கிளியா என்று சொல்லும் ஆங்கில வாசகர் காதில் பசை விழுவதில்லை. அது அவருக்கு வெறும் ஒலிக்குறி. நாம் 'பசை' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஒவ்வொரு வரியிலும் பசைதான் கேட்கும். மூலத்தில் மங்கிப்போன பிழையைத் தமிழில் துலக்கிவைத்த மாதிரி ஆகிவிடும்.

> அப்படியானால் தாங்கணு, துணையணு? வேலையைச் சொல்லிவிடுகிறதே.

எந்த வேலையை? சிக்கலே அங்கேதான். பாரெஸ் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது இந்தத் 'துணை' என்ற எண்ணத்தைத்தான். மருத்துவராகப் பயிற்சி பெற்று, நரம்பியல் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வகம் நடத்தினார். கட்டுரையில் வரப்போகும் 1997ஆம் ஆண்டுச் சோதனையை, ஃபிரீகர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து செய்ததை, இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சொல்லைத் தேர்வதற்கு அது தேவை.

எலியின் விழித்திரையைக் கரைத்து, எதிர்ப்பொருள் பூசிய தட்டில் ஊற்றுகிறார்கள். வேண்டிய நரம்பணு மட்டும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். இப்படிச் சலித்தெடுத்த நரம்பணுக்களைத் தனியே வளர்த்தால் சாவதில்லை. இழைகளை நீட்டும், மின்துடிப்பும் கொடுக்கும். ஆனால் இணைப்புகள் (சினாப்ஸ்) வழியே ஒன்றோடொன்று பேசுவது மிகக் குறைவு. மின்முனையை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நேர்கோடுதான். அதே நரம்பணுக்களைக் கிளியல் அணுக்களோடு சேர்த்து வளர்த்தபோது, தானாக எழும் இணைப்பு மின்னோட்டங்கள் சுமார் 70 மடங்கு அடிக்கடி எழுந்தன. அவற்றின் வீச்சு 5 மடங்கு பெருகியது. 2001இல் அதே ஆய்வகம், முதிர்ந்த இணைப்புகளின் எண்ணிக்கையே ஏழு மடங்காகிறது என்று காட்டியது. 2005இல் அதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று பிடிபட்டது: கிளியல் அணுக்களில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் திராம்போஸ்பாண்டின் என்ற புரதம்.

இணைப்பு உண்டாகலாமா என்பதிலேயே கைவைக்கிற அணுவைத் 'துணை' என்பதா? வளரும் மூளையில் உள்ள ஆர கிளியா என்ற வகையை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். நரம்பணுக்கள் பலவும் பிறப்பதே அவற்றிலிருந்துதான். பெற்றவளைத் துணைக்காரி என்று கூப்பிடுவது போல இருக்கும்.

(இடையில் ஒருவர் "மூளையில் இவை நரம்பணுவைப் போலப் பத்து மடங்கு" என்று எழுதியிருந்தார். பாடநூல்களிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. மனித மூளைகளைக் கரைத்து உட்கருக்களை எண்ணிப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் நரம்பணு சுமார் 8,600 கோடி, மற்ற எல்லா அணுக்களும் சேர்ந்து சுமார் 8,500 கோடி. கட்டுரையில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.)

இழையில் வந்த செவிலியணு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஊட்டி வளர்த்து, காவல் இருந்து, வேண்டாததை விலக்கி... பொருத்தம் அழகாகவே இருக்கிறது. இரண்டு தடை. ஒன்று, கருமுட்டையை வளர்க்கும் அணுக்களுக்குச் 'செவிலி' என்ற பெயர் உயிரியலில் வேறு இடத்தில் தேவைப்படுகிறது. இரண்டாவது பெரியது. பாரெஸ் ஆய்வகத்தின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரையில், மைக்ரோகிளியா அனுப்பும் மூன்று சமிக்ஞைப் பொருள்கள் சேர்ந்து ஆஸ்ட்ரோசைட்டை வேறு நிலைக்குத் தள்ளுகின்றன. அந்த நிலையில் அது இணைப்புகளைப் பேணுவதை விட்டுவிட்டு, நரம்பணுக்களைக் கொல்லும் நஞ்சை வெளியிடுகிறது. நம் கட்டுரையாளர் அந்த வரியை எழுதும்போது 'செவிலி கொன்றது' என்றா எழுதுவார்? வேலையை வைத்துப் பெயரிட்டால், வேலை மாறும்போது பெயர் குறுக்கே நிற்கும்.

'கிளியா என்றே விடுவோம்' என்பவர்களுக்கு: தமிழில் அது வினா. "மூளையில் இருப்பது கிளியா?" என்று தலைப்பு வைத்தால் குருவியா என்று கேட்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை, சூழணு.

இது வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் அணு. இருக்கும் இடத்தைச் சொல்கிறது, வேலையைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. உண்மையிலும் இவை சூழ்ந்துதான் இருக்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டின் நுனிக்கால்கள் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். மெல்லிய கிளைகள் நரம்பு இணைப்புகளைப் பொதிந்திருக்கும். ஒலிகோடென்ட்ரோசைட் என்ற இன்னொரு வகை, பல நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறையிடும். பழைய தமிழில் சூழ்தல் என்றால் கலந்து ஆராய்தலும்தான். சூழ்ச்சி கெட்ட சொல்லானது பிற்பாடு. அந்த நிழல் பொருளும் இந்த அணுக்களுக்குப் பொருந்தித்தான் வருகிறது. ஆர கிளியாவுக்கு மட்டும் 'சூழ்' கொஞ்சம் இழுத்துப் பிடித்ததுதான், அதோடு வாழலாம்.

ஒரு கலைச்சொல் தேறுமா என்று பார்க்க அதைக் கூட்டுச்சொல்லில் போட்டு இழுக்க வேண்டும். மைக்ரோகிளியா, நுண்சூழணு. ஆஸ்ட்ரோசைட், உடுவணு (ஆஸ்ட்ரோ என்றால் விண்மீன், உடு; மீனணு என்றால் கடலுக்குப் போய்விடும்). ஒலிகோடென்ட்ரோசைட், சில்கிளைச் சூழணு. கிளியோமா, சூழணுக் கட்டி. பசைக்கட்டி என்றால் மருத்துவர் அறிக்கையைப் படிக்கும் நோயாளி என்ன நினைப்பார்? காயத்துக்குப் பின் மூளையில் உண்டாகும் தழும்பு, சூழணுத் தழும்பு. நரம்பியலாளர் மைக்கன் நெடர்கார்டின் குழு 2012இல் விவரித்த, மூளையின் கழிவை அலசும் ஓட்டத்துக்கு அவர்கள் இட்ட 'கிளிம்ஃபாட்டிக்' என்ற பெயரில் கிளியாவும் நிணநீரும் ஒட்டியிருக்கின்றன. அது சூழ்நிண மண்டலம். பசைநிண மண்டலம் என்று சொல்லிப் பாருங்கள், சீழ் நினைவுதான் வரும்.

> நுண்சூழணு சரியா? அவை பிறப்பால் மற்றவற்றின் இனமே இல்லையே.

நல்ல கேள்வி, அம்மா. மைக்ரோகிளியா கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து வந்து மூளையில் குடியேறுபவை. நோய்த்தடுப்பு அணுக்களின் உறவு. பிறப்பை வைத்துப் பெயரிட்டால் தனிச்சொல் வேண்டும். இருப்பிடத்தை வைத்துப் பெயரிடுவதால் 'சூழ்' அவற்றுக்கும் செல்லும்.

முதல் முறை வரும்போது மட்டும் 'நியூரோகிளியா எனப்படும் சூழணுக்கள்' என்று எழுதிவிட்டால், பாடநூலில் அந்தச் சொல்லைப் படித்தவர் தடுமாற மாட்டார்.

ஒன்று பாக்கி. இரண்டு நரம்பணுக்களும் ஓர் உடுவணுவும் சேர்ந்து இயங்கும் இணைப்புக்கு 1999இல் ஒரு பெயர் வந்தது, மூன்று பங்காளிகள் கொண்ட சினாப்ஸ் என்ற பொருளில். சினாப்ஸை நரம்புச்சந்தி என்று வைத்துக்கொண்டால் இது 'முச்சந்தி'. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் தெரு வாசம் கூடுதலோ என்ற தயக்கமும் இருக்கிறது. முக்கூட்டுச் சந்தி என்றால் சாதுவாக இருக்கும், சுவை போய்விடும். எதை வைக்கலாம் என்று சொல்லுங்கள்.