பம்பிங் 60 வீதம், ஆனாலும் மேல்மூச்சு

அப்பாவுக்கு 68 வயது. வெள்ளி தவறாமல் திருகோணமலைக் கோட்டைக்குள் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போவார். போன வருசம்தான் கோட்டை வாசல் தாண்டியதும் நிற்கத் தொடங்கினார். கேட்டால், "மானைப் பார்க்கிறன்" என்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மான்! அப்புறம் கடைகளுக்கு முன்னால் இன்னொருக்கால் நிற்பார். நெஞ்சுவலி இல்லை, மேல்மூச்சு மட்டும். இரவில் மூச்சு முட்டாமல் படுக்க ஒரு தலையணை இரண்டானதை அம்மாதான் கவனித்தா.

முதலில் காட்டிய இடத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, "இதயத்தின் பம்பிங் 60 வீதம், அது நோர்மல், வயசுக் களைப்பு" என்று அனுப்பிவிட்டார்கள். அதே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இதயம் தளர்வது குறைவு என்று இருந்தது. அதை நானும் வாசிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு டொக்டர் அஞ்சியோகிராம் (இதயத்தின் இரத்தக் குழாய்களைக் காட்டும் படம்) எடுக்க வைத்தார். இரண்டு குழாய்களில் அடைப்பு.

அவர் சொல்லித்தான் விளங்கியது: சுருங்க மட்டுமல்ல, தளரவும் இதயத்துக்குச் சக்தி வேண்டும். சுருங்கும்போது தசைக்கலத்துக்குள் பரவிய கல்சியத்தைத் திரும்பக் கலத்துக்குள்ளே இருக்கும் சேமிப்புப் பைக்குள் இறைத்தால்தான் தசை இளகும். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடி அடைபட்டால் ஒட்சிசன் குறையும், இறைப்பதற்கான ஏடிபியும் (கலத்தின் எரிபொருள்) குறையும். இறுகிய அறைக்குள் இரத்தம் இலகுவில் இறங்காது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறும். அடைப்பால் இரத்தம் குறையும்போது நெஞ்சுவலிக்கும் ஈசிஜி மாற்றத்துக்கும் முன்னமே இது தொடங்கிவிடுமாம்.

கருத்து – திருக்கடலூர்: அண்ணை, கரைவலை இழுக்கிற ஆக்களுக்கு இது உடனே விளங்கும். விடிய இழுத்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கப் போனால் விரல் விரியாது. பொத்தினது பொத்தினபடி. என்ர மாமாவுக்கும் இதே கதைதான், ஆனால் அவருக்கு முதலே ஒரு அட்டாக் வந்தது. செத்த தசை தழும்பாகி விறைத்துவிட்டது என்றார்கள். தழும்பு திரும்ப இளகாதாம்.

கருத்து – எக்கோ அறை: நான் வேலை செய்வது எக்கோ எடுக்கிற இடத்தில்தான். இதயத்தின் கீழறைக்குள் இரத்தம் இறங்குவதைத் திரையில் இரண்டு மேடாகப் பார்ப்போம். இதயம் தானாக விரிந்து இரத்தத்தை இழுப்பது முதல் மேடு, மேலறை தள்ளிவிடுவது இரண்டாவது. தளர்வு மந்தமானால் முதலாவது குட்டையாகும். ஆனால் இதைப் பார்த்து எல்லாரும் பயப்பட வேண்டாம். 60 தாண்டிய பலருக்கு அடைப்பு இல்லாமலே அப்படி வரும், பிரஷர், சீனி உள்ளவர்களுக்கும் வரும். இன்னொன்று: இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு இரத்தம் போவது பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். துடிப்பு வேகமானால் அந்த நேரம் சுருங்கும். ஏறும்போது மூச்சு முட்டுவது அதனாலும்தான்.

பதிவு எழுதியவர்: ஓம், அதுக்குத்தான் அப்பாவுக்குத் துடிப்பைக் குறைக்கிற குளிசையும் தந்தார்கள். அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம். தலையணை ஒன்றாகிவிட்டது. கோயிலுக்கு ஏறும்போது இப்போது ஒரே ஒரு தடவைதான் நிற்கிறார். அது உண்மையிலேயே மானுக்காகத்தானாம்.