கேஸ், அம்மோனியா, ஆசிட்: எல்லையோர ஊர்களில் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வாளையார் வழிப்போக்கன்

வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு போகும் வழியில் கேஸ் டேங்கர் ஒன்று சாய்ந்து கிடந்தது. எங்கள் பஸ்ஸைப் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள். டேங்கர் விபத்து எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கேரளா ஃபயர் ஃபோர்ஸ் வண்டி வந்தது. டேங்கருக்குப் பக்கத்தில் போகாமல், காற்று எங்கள் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி பார்த்து, மேட்டில் ரொம்பத் தள்ளி நின்றுவிட்டது. ஒருவர் பைனாகுலரில் டேங்கரின் பலகையைப் படித்தார். இன்னொருவர் குச்சியில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "டிரைவர் உள்ளே இருக்கானா இல்லையான்னே தெரியல, இவங்க வேடிக்கை பார்க்கறாங்க" என்று ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதிகாரி முதலில் போனது டேங்கருக்கு இல்லை. ரோட்டுக்குக் கீழே, சரிவில் ஒரு டீக்கடை. வேகமாக இறங்கிப் போய் அடுப்பை அணைக்கச் சொன்னார். கடைக்கார அக்காவுக்குப் புரியவில்லை, பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவரே ரெகுலேட்டரை மூடினார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைப் பார்த்தார். ஊதவில்லை. திரியை விரலால் கிள்ளி அணைத்துவிட்டு, அந்த அக்காவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்தார்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடி இறங்கும் என்று அப்புறம்தான் படித்தேன். காற்றில் இரண்டு சதவீத அளவுக்குக் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளுமாம். சரிவில் இருந்த அந்தக் கடையில் ஒரு விளக்கு. அவர் கண்ணில் அது பட்டிருக்கிறது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நல்லவேளை, டிரைவர் முன்பே இறங்கி ஓடிப் போய்த் தூரத்தில் நின்று கைகாட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

நாமக்கல் ஸ்டீயரிங்

கடைசி வரிக்கு நன்றி அண்ணே. டேங்கர் கவிழ்ந்தால் "டிரைவர் தப்பி ஓட்டம்" என்றுதான் எழுதுவார்கள். ஓடித்தான் ஆக வேண்டும். ஓடி, காற்று வரும் பக்கம் நின்று வண்டிகளை மறிக்க வேண்டும். ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவனுக்கு லைசென்ஸில் தனிப் பதிவு வேண்டும், அதற்கு 3 நாள் பயிற்சி உண்டு. அங்கே சொல்லித்தருவதே இதைத்தான்.

என் சொந்த அனுபவம் சின்னது. பாலக்காடு பக்கம் ஒரு வளைவில் வால்வில் லேசாகக் கசிவு. பனி மாதிரி வெள்ளையாகப் படிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபினிலிருந்து ட்ரெம் கார்டை, அதாவது என்ன சரக்கு, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வந்த ஃபயர்மேன் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, முதலில் அந்தக் கார்டைத்தான் கேட்டார். 1075 என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது, கூட்டத்தை இன்னும் பின்னால் தள்ளச் சொன்னார். அந்தக் காகிதம் வண்டியிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் அவர் பைனாகுலரைத்தான் தேடியிருக்க வேண்டும்.

ரோட்டில் போகிற எல்லோரும் ஒரு முறையாவது டேங்கரின் பின்பக்கத்தைப் பார்த்துவையுங்கள். ஒரு பலகை இருக்கும். சரக்கின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், ஆபத்து வகையைக் காட்டும் சாய்சதுரப் படம், அவசர போன் நம்பர். சமையல் கேஸுக்கு 1075. பெட்ரோலுக்கு 1203. அம்மோனியாவுக்கு 1005. கந்தக அமிலத்துக்கு 1830. 101-க்கோ 112-க்கோ போன் செய்யும்போது "ஒரு லாரி கவிழ்ந்துடுச்சு" என்று சொல்வதற்கும் "1005 போட்ட லாரி" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். வந்து சேரும்போது எந்த உடுப்போடு வருவார்கள் என்பதே அதை வைத்து மாறும். ஆனால் பலகையைப் படிக்கிறேன் என்று கிட்டே போகாதீர்கள். போன் கேமராவில் ஜூம் செய்தால் தெரிகிற தூரம் போதும்.

ஆரம்பாக்கம் அன்பு

எங்கள் பக்கம் ஆந்திர எல்லை. தடாவைத் தாண்டியதும் ஒரு கந்தக ஆசிட் டேங்கரில் அடிப்பக்கம் ஒழுகியது. போன் இரண்டு மாநிலத்துக்கும் போயிருக்கிறது, அங்கிருந்து ஒரு வண்டி, இங்கிருந்து ஒரு வண்டி வந்தது. யார் பெரியவர் என்று சண்டை வருமோ என்று நினைத்தேன். நம் ஆள் நேராக அந்தத் தெலுங்கு அதிகாரியிடம் போய், "சார், நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்" என்றார். தமிழில்தான் சொன்னார். அவருக்குப் புரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. தண்ணீர் வண்டி இரண்டு நிற்கிறது, ஆசிட் ரோட்டில் ஓடுகிறது, ஒருவரும் தண்ணீர் அடிக்கவில்லை! மண்வெட்டியால் மண்ணை வெட்டிக் கரை கட்டினார்கள். வயலுக்குக் கரை போடுகிற மாதிரி அவ்வளவு பொறுமையாக. கேட்டால் வாய்க்கால் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது என்றார்கள். சுண்ணாம்பு மூட்டை வந்ததும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்கள். உஸ்ஸென்று நுரைத்துப் புகைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதற்குள் ரோட்டோரப் புல் எல்லாம் கருகிவிட்டது. தண்ணீர் அடித்திருந்தால் உடனே கழுவியிருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

அன்பு தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் சரி. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், எதிரே நிற்பவன் முகத்தில் வந்து விழும். அதையும் மீறி வெள்ளமாக அடித்தால், நீர்த்த ஆசிட் முழுவதும் நீங்கள் சொன்ன வாய்க்காலில் போயிருக்கும். புல் ஒரு மழையில் முளைத்துவிடும், ஏரியில் மீன் செத்தால் பழவேற்காட்டில் எத்தனை குடும்பம் அடுப்பு மூட்டாது என்று யோசியுங்கள். சுண்ணாம்பை ஓரத்திலிருந்து தூவியதும் அதனால்தான். ஒரே இடத்தில் கொட்டினால் சூடு ஏறிச் சிதறும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் அம்மோனியா. உள்ளே போன எங்கள் ஜோடியில் ஒருவருடைய காற்று சிலிண்டரில் விசில் அடித்தது. வால்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, இன்னும் இரண்டு சுற்று சுற்றினால் மூடிவிடும். அவர் வால்வை விட்டுவிட்டுத் திரும்பினார், கூடப் போனவரும் திரும்பினார். வெளியே முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். காத்திருந்த அடுத்த ஜோடி உள்ளே போய் மூடியது. அவ்வளவுதான்.

இப்போது விளக்கம். முதுகில் மாட்டும் சிலிண்டர் 6.8 லிட்டர், 300 பார் அழுத்தம். காகிதத்தில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். வேலை செய்து மூச்சு வாங்கும்போது அரை மணி நேரம் தாண்டினாலே பெரிது. சுமார் 50 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். அது திரும்பி வருவதற்கான காற்று, வேலைக்கான காற்று இல்லை. தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். அவர்கள் உள்ளே இருக்கும்போது இன்னும் இரண்டு பேர் முழு உடுப்போடு வெளியே தயாராக நிற்க வேண்டும். உள்ளே போகும் முன்பே, வெளியே வருபவர்களைக் கழுவ இடம் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஏற்பாடு செய்யத்தான் நேரம் ஆகிறது. மக்கள் அதை வேடிக்கை என்று நினைக்கிறார்கள்.

இடத்தை மூன்றாகப் பிரிப்போம். நச்சு இருக்கும் இடம், கழுவும் இடம், சுத்தமான இடம். முதல் கோட்டுக்குள் உடுப்பு இல்லாமல் மாவட்ட ஆட்சியரே வந்தாலும் விடக் கூடாது. கேஸ் டேங்கரில் தீ பிடித்து, தொட்டியைத் தீ நக்குகிறது என்றால் சுற்றிலும் 1.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்களை நகர்த்த வேண்டும், ஏனென்றால் தொட்டியே வெடிக்கலாம். கசியும் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால், கசிவை அடைக்க வழி இல்லாதபோது தீயை அணைக்கக் கூடாது. அணைத்தால் கேஸ் எரியாமல் பரவி வேறெங்கோ போய்ப் பிடிக்கும். தொட்டியைத் தண்ணீரால் குளிர வைத்துக்கொண்டே எரிய விடுவோம். இதற்குத்தான் எங்களுக்கு அதிகம் திட்டு விழும்.

அம்மோனியா இன்னொரு விதம். தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் காற்றோடு வரும் புகைக்கு முன்னால் தண்ணீரைத் திரை மாதிரி விசிறி அடிப்போம். ஆனால் தரையில் திரவமாகத் தேங்கியிருந்தால் அதன் மேல் அடிக்கக் கூடாது. அது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற பொருள், தண்ணீரின் சூடே அதைப் பொங்க வைத்துவிடும். அம்மோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பித் தரையில் படுக்காதீர்கள். குளிர்ந்த வெண்புகையாக வரும்போது அது தரையோடுதான் தவழும். காற்றுக்குக் குறுக்கே நடங்கள். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் சிஸ்டர்

சார் கழுவும் இடம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு எல்லாமே அங்கேதான்.

எங்கள் பக்கம் ரப்பர் அதிகம், ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற ஃபார்மிக் ஆசிட் வீட்டுக்கு வீடு இருக்கும். கேன் உடைந்து மேலே கொட்டிய ஒருவரைப் பிக்கப் வண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை லுங்கி எல்லாம் நனைந்திருந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளப் போனபோது எங்கள் மூத்த சிஸ்டர் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். "உள்ளே விட மாட்டேன்" என்றார். ஆசிட் பட்டவருடைய தம்பி சிஸ்டரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான்.

சிஸ்டர் அசையவில்லை. கையுறை, ஏப்ரன் போட்டுக்கொண்டு, வாசலிலேயே துணியைக் கத்தரியால் வெட்டிக் கழற்றச் சொன்னார். தோட்டத்து ஹோஸை இழுத்துத் தலையிலிருந்து தண்ணீர். இருபது நிமிடம். அந்த ஆள் குளிரில் நடுங்குகிறார், தம்பி அழுகிறான், சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இடையில் ஒரு படுதாவைப் பிடிக்கச் சொன்னார், அவருடைய மானம் போகக் கூடாது என்று. அதையும் யோசித்தாரே என்பதுதான் எனக்கு இன்றும் மறக்க முடியாதது.

துணியைக் கழற்றினாலே மேலே இருக்கும் விஷத்தின் பெரும்பகுதி போய்விடும். அப்படியே உள்ளே கொண்டு போயிருந்தால் ஆவி வார்டு முழுவதும் பரவியிருக்கும், பக்கத்துப் படுக்கையில் ஆஸ்துமா நோயாளி இருந்தார். ஆசிட் பட்டால் எண்ணெயோ பற்பசையோ தடவிக்கொண்டு வராதீர்கள். வீட்டிலேயே குழாயடியில் நிற்க வையுங்கள், அப்புறம் வண்டி பிடியுங்கள்.

சித்தூர் ரோடு

சார் சொன்ன இரண்டு பேர், இன்னும் இரண்டு பேர், கழுவும் இடம் எல்லாம் சரி. எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு ஷிப்டில் வருகிறவர்களே எத்தனை பேர்? 2020 ஆகஸ்டில் புதலப்பட்டு பக்கம் பால் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்களே, என் மனைவியின் அக்காவும் அப்போது வேறொரு குளிர்பதன ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அன்று இரவு அவரிடம், "உங்க ஆலையில சைரன் அடிச்சா எந்தக் கதவு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

நியாயம்தான். ஆள் பற்றாக்குறை நிஜம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, ரசாயன விபத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே உண்டு. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை உள்ளூர் ஸ்டேஷன்தான் தாங்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் உள்ளே போகாமல் தள்ளி நின்று, ஊரை நகர்த்துவதை மட்டும் செய்ய வேண்டும். அதுவும் வேலைதான். கதவைப் பற்றி: ஆலைக் கூரையில் காற்றுத் திசைப் பை பறக்கிறதா என்று முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் ஊதி நிற்கிறதோ அந்தப் பக்கக் கதவு வேண்டாம்.

பீளமேடு

2025 ஜனவரி 3 அதிகாலை, அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த டேங்கர் கவிழ்ந்ததே, 18 டன் கேஸ். பக்கத்துப் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். எங்கள் தெருவில் போலீஸ் மைக்கில் அடுப்பு பற்ற வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மணிக்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பொறியும் பறக்கவில்லை. 2012-ல் கண்ணூர் சாலாவில் இதே மாதிரி ஒரு டேங்கர், இரவு நேரம், சுமார் 20 பேர் இறந்துபோனார்கள். அதை நினைத்துக்கொண்டேதான் மாடியில் நின்றேன்.

நீரோடி

கடல் வழியாகவும் வரும், எழுதுகிறேன். 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 கேரளக் கடலில் மூழ்கியது. 640 கன்டெய்னர், அதில் 12-ல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வரும், வெல்டிங் கேஸ். கன்டெய்னர் கரை ஒதுங்கினால் 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று கேரளாவில் அறிவித்தார்கள். எங்கள் கரையில் ஒதுங்கியது வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை, ஜவ்வரிசி அளவு. என் மாமா ஒரு கை அள்ளிப் பார்த்தார். கரையைச் சுத்தம் செய்ய வந்த ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் கையைத் தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். மாமாவுக்கு அவமானமாகிவிட்டது. "குருணைக்கா இவ்வளவு?" என்றார். குருணையில் விஷம் இல்லை, ஆனால் அதே கப்பலில் வேறென்ன இருந்தது, எதோடு எது கலந்து வந்தது என்று அந்த நேரத்தில் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியல் கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் விஷமாகவே நினைத்துத்தான் தொட வேண்டும் என்று அவர்களில் ஒரு பையன் சொன்னான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பையன் சொன்னதுதான் சரி.