சங்க வாசலின் மூன்று படிகள்

உப்புவெளி வாசகி:
எங்கள் கடனுதவிச் சங்க வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வரும் அக்கா ஏற முடியாமல் வெயிலில் காத்திருக்க, நான் கடதாசியை நாற்காலிக் கையில் வைத்துக் கையொப்பம் வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுடுகிறது. அடுத்த வருடத் திட்டம் எழுதும் பொறுப்பு இப்போது எனக்கு. எங்கே தொடங்குவது?

உவர்மலை, ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்:
முதலில் படிகளின் மொத்த உயரத்தை அளந்து பாருங்கள், தங்கச்சி. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கூட்டத்தில் யாராவது இழுத்தடித்தால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க இலங்கைச் சட்டத்தையும் 2006ஆம் ஆண்டின் அணுகல் விதிமுறைகளையும் எடுத்துக் காட்டுங்கள். இது தயவு அல்ல, உரிமை.

கன்னியா வாசகர்:
சாய்தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்குப் பார்வை இல்லை. பலகையில் ஒட்டும் அறிவித்தலால் எனக்கு என்ன பயன்? குரல்பதிவாக அனுப்புங்கள், செலவே இல்லை. திட்டம் எழுதும் மேசையில் எங்களில் இருவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர், தொகை, முடிக்கும் மாதம் எழுதப்படவேண்டும். இல்லாவிட்டால் அது கோப்பிலேயே கிடக்கும்.

உப்புவெளி வாசகி:
அளந்துவிட்டேன். உயரம் 18 அங்குலம். வேப்பமரம் வரை 14 அடிதான் இருக்கிறது.

உவர்மலை:
18 அடி வேண்டும். நடுவில் சமதளம் வைத்துத் திருப்புங்கள். மரத்தை வெட்டாதீர்கள், காத்திருப்பவர்களுக்கு நிழல் வேண்டும்.