இறங்கும்போது விமானம் மிதக்கு, தரையில குதிக்கு: எங்க தப்பு?

பொருநை_முகில்:
ரெண்டு பேர் உட்காருத லைட் ஸ்போர்ட் விமானத்துல 14 மணி நேரப் பயிற்சி முடிஞ்சிருக்கு. 600 கிலோவுக்குள்ள எடை, ரோட்டாக்ஸ் 912 எஞ்சின், மூக்குச் சக்கரம் உள்ளது. ஏறுறது, திருப்புறது, மட்டமாப் பறக்கிறது எல்லாம் கைக்கு வந்துட்டு. இறக்கம்தான் வரமாட்டேங்கு. ஓடுபாதைக்கு மேல வந்து மூக்கைத் தூக்கினா திரும்ப மேல போகுது, அப்புறம் பொத்துன்னு விழுந்து குதிக்கு. பக்கக் காத்து இருந்தா நடுக்கோட்டை விட்டு ஒதுங்கிருது. இப்போ லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கேன். கச்சான் (மேக்காத்து) வீசுற வீச்சைப் பாத்தா இன்னும் பயமா இருக்கு. தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

ஓடுபாதை_28:
தம்பி, மிதக்குறதுக்குப் பெரும்பாலும் காரணம் கை இல்ல, வேகம். ஸ்டால் வேகம் (அதுக்குக் கீழ போனா இறக்கை விமானத்தைத் தாங்காது) 40 நாட்னு வச்சுக்கோங்க; ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல்மைல். கடைசி நேர்கோட்டுல அதுக்கு 1.3 மடங்கு, அதாவது 52 நாட் போதும். (உங்க விமானக் கையேட்டுல என்ன எண் இருக்கோ அதுதான் கணக்கு.) 62-ல வந்தா பத்து நாட்தானேன்னு தோணும். ஆனா ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல கூடுது, அதனால 42 சதவீதம் அதிகமாச் சுமந்துக்கிட்டு வாறீங்க. அது கரையுற வரைக்கும் சக்கரம் தரையில நிக்காது. அந்த நேரத்துல ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) இழுத்தா மேலதான் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த மாதிரி லேசான விமானத்துக்கு உந்தம் கம்மி. முப்பது அடி உயரத்துல த்ராட்டிலை (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கிற பிடி) சட்டுனு மூடினா வேகம் கண்ணு முன்னால சரியும், பொத்துன்னு விழும். ஏறத்தாழ 15 அடியில இறக்கத்தை மட்டமாக்கிக்கிட்டே மெதுவா மூடுங்க. ஓரிரு அடி உயரத்துல தரையைத் தொடவிடாமப் பிடிச்சு வைக்கணும். கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே இருந்தா பின்சக்கரம் ரெண்டும் தானா வந்து உட்காரும். அப்போ கண்ணு ஓடுபாதையோட கடைசியில இருக்கணும். மூக்குக்கு முன்னால உள்ள தரையைப் பாத்தா உயரம் பிடிபடாது.

மேல எழும்பிட்டா மூக்கை அமுக்காதீங்க. கொஞ்சம்தான்னா அப்படியே பிடிச்சு, லேசா பவர் குடுத்து, திரும்ப இறங்க விடுங்க. அதிகம்னா மறுசுத்துதான் (இறங்காம மேல ஏறி, சுத்தி வந்து திரும்ப இறங்குறது). குதிச்ச பிறகு அமுக்குறதுதான் ரொம்ப ஆபத்து: மூக்குச் சக்கரம் முதல்ல அடிபடும், இன்னும் உயரமாக் குதிக்கும், ரெண்டாவது மூணாவது குதிப்புல மூக்குக்கால் மடங்கி ப்ரொப்பெல்லர் தரையில உரசும். அதனால ஒரு தடவை நல்லாக் குதிச்சாலே முழு த்ராட்டில். கூடவே வலது ரடர் (வாலுல உள்ள திசைத் தகடு, காலால மிதிக்கிறது) குடுங்க, இல்லாட்டி மூக்கு இடது பக்கம் இழுக்கும். ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கைக்குப் பின்னால கீழ விடுற தகடு) ஒரே மூச்சா எடுத்தா விமானம் அமுங்கும், படிப்படியா எடுக்கணும்.

தேரிமணல்:
கச்சானுக்கு பயப்பட வேண்டாம், கணக்குப் பண்ணினாப் போதும். தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுபாதை 10/28, அதாவது ஒரு பக்கம் ஏறத்தாழ 100 டிகிரி, மறுபக்கம் 280 டிகிரி திசை. கச்சான் 250 டிகிரியில இருந்து 20 நாட் வீசுதுன்னா 28-க்கு 30 டிகிரி விலகல். அதுல பாதி, 10 நாட்தான் பக்கக் காத்து. 45 டிகிரின்னா 14, 60 டிகிரின்னா 17. உங்க பயிற்சி ஓடுபாதைக்கும் இதே கணக்குத்தான். இத்தனை நாட்டுக்கு மேல தனியாப் போகக்கூடாதுன்னு பயிற்சியாளர் ஒரு எல்லை சொல்லியிருப்பார், அதைத் தாண்டாதீங்க.

இறங்கி வரும்போது மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி வாங்க. தரையை நெருங்கினதும் காத்து வாற பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடரால மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்குங்க. தாழ்ந்த பக்கத்துச் சக்கரம்தான் முதல்ல தொடணும். சக்கரம் தொட்டதும் எல்லாம் முடிஞ்சுட்டுன்னு எய்லரானை (ஸ்டிக்கால இறக்கையைச் சாய்க்கிற தகடு) விட்டுருதாங்க, அங்கதான் காத்து இறக்கையைத் தூக்குது. வேகம் குறையக் குறைய ஸ்டிக்கைக் காத்துப் பக்கம் கூட்டணும். காத்து 12 நாட், இடையில வாற வீச்சு 20 நாட்னு விட்டு விட்டு வந்தா வித்தியாசத்துல பாதி, 4 நாட், இறங்குற வேகத்துல சேத்துக்கோங்க. அதுக்கு மேல வேண்டாம்.

இதெல்லாம் காலை ஆறரைக்குப் பழகுங்க. மதியம் நம்ம திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரி மாதிரி காஞ்ச நிலம் காத்தை மேல தூக்கும், வயலும் குளமும் கீழ இழுக்கும். ஓடுபாதைக்கு முன்னால குளம் இருந்தா கடைசி நேரத்துல அமுங்கும்னு முன்கூட்டியே எதிர்பாருங்க. ஆனி, ஆடியில பொதிகைக்குக் கிழக்க இன்னொரு தொல்லையும் உண்டு: மலையைத் தாண்டி வாற காத்து உருண்டு புரண்டுதான் இறங்கும்.

வெயிலையும் சேத்துக்கோங்க. கடல்மட்டத்துலயே 38 டிகிரி அடிச்சா விமானத்துக்கு அது 2,700 அடி உயரம் மாதிரி. தரை வேகமா ஓடுற மாதிரித் தெரியும். அதை நம்பி மூக்கைத் தூக்கினா ஸ்டால் பக்கத்துல வந்துரும். காத்துவேகக் காட்டியை மட்டும் நம்புங்க.

பொருநை_முகில்:
நன்றி அண்ணாச்சி. பலமாக் குதிச்சு இறங்கிட்டா அடுத்த சுத்துக்கு முன்னால எதைப் பாக்கணும்?

ஓடுபாதை_28:
அடுத்த சுத்தே கிடையாது தம்பி. முதல்ல நிறுத்துங்க, எஞ்சினை அணைங்க. மூக்குக்கால் வளைஞ்சிருக்கா, அது வந்து சேருற ஃபயர்வால் தகட்டுல (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவுல உள்ள தடுப்பு) சுருக்கம் இருக்கா, ப்ரொப்பெல்லர் நுனியில கீறல் உண்டா, டயர்ல வெட்டு, ப்ரேக் குழாய்ல எண்ணெய்க் கசிவு இருக்கான்னு பாருங்க. சுருக்கம் கண்ணுக்குச் சரியாத் தெரியாது, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா நிழல் விழும். ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தா, எஞ்சின் நல்லா ஓடுனாலும் கியர்பாக்ஸைப் பாக்காம ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஒண்ணும் தெரியலைன்னாலும் பயிற்சியாளர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் சொல்லி, பதிவேட்டுல எழுதி வைங்க. உங்களுக்கு அடுத்து அந்த சீட்ல ஏறுறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.